பார்த்துக்கொள்கிறவள்

குழந்தை வளர்ப்பில் நாம் அதிகம் புழங்கும் வினைச்சொல் 'பார்த்துக்கொள்'. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, மருந்து கொடுப்பது, விழாமல் பிடிப்பது எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். "புள்ளைய யாரு பாத்துக்கிறா?" என்று வேலைக்குப் போகும் பெண்ணிடம் கேட்பார்கள். வேலைக்குப் போகும் ஆணிடம் அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதே சொல் குற்றச்சாட்டாக மாறி வரும்: "ஒழுங்கா பாத்துக்க மாட்டியா?" 18 ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறேன். இந்தச் சொல்லை அதன் முழு எடையோடு எனக்குப் புரியவைத்தது என் மகளின் ஒரு பால் பல்.

போன ஆண்டு ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. மகளுக்கு 3 வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நான் கல்லூரியில் இரண்டாமாண்டு மாணவிகளுக்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். கணவர் ஒரகடத்தில் தொழிற்சாலையில் பகல் ஷிப்டில் இருந்தார். மகள் சேலையூரில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் வீட்டில் இருந்தாள். காலையில் பெய்த மழையில் வாசற்படி ஈரமாக இருந்தது. ஓடிவந்தவள் வழுக்கி, படியின் விளிம்பில் முகம் மோத விழுந்துவிட்டாள்.

வகுப்பு முடிந்து போனைப் பார்த்தபோது ஏழு மிஸ்டு கால். மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து கேம்ப் ரோடு கடந்து போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் அக்கா செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருந்தார். வாயைத் தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியை நனைத்து அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்றதும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி உதட்டில் வைத்திருந்தார். மேலுதடு பலாச்சுளை மாதிரி வீங்கியிருந்தது. மேல்வரிசையில் முன்பல் ஒன்றைக் காணோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் போன் வெளிச்சத்தில் படிக்கட்டில் பல்லைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்தால் போட்டு வைக்க டம்ளரில் பால் தயாராக இருந்தது.

மகள் என்னைப் பார்த்ததும் "அலிக்குது" என்றாள். தொல்காப்பியம் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போது, பல்லும் இதழும் சேர்ந்தால்தான் வகரம் பிறக்கும் என்கிறது. எத்தனையோ முறை அதைப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். வலி என்ற சொல்லைச் சொல்லவே பல்லும் உதடும் வேண்டும் என்பது அன்று உறைத்தது.

மேடவாக்கத்தில் குழந்தைகளுக்கான பல் மருத்துவரிடம் போனோம். என்னைவிட இளைய பெண். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். எப்போது விழுந்தாள், எங்கே விழுந்தாள், எப்படி விழுந்தாள். எவ்வளவு நேரமாயிற்று என்று தெரிந்தால்தான் என்ன செய்யலாம் என்று முடிவெடுக்க முடியும். விழுந்த இடம் மண்ணா, சிமெண்டா என்பதை வைத்து டெட்டனஸ் ஊசி பற்றி யோசிக்க வேண்டும். எப்படி விழுந்தாள் என்பது அடியின் திசையைச் சொல்லும். மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தாளா என்று பிறகு கேட்டார். தலையில் அடிபட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அந்த அறையில் இருந்த அரைமணி நேரத்தில், விழுந்தபோது நான் எங்கே இருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. சிகிச்சைக்கு அந்தத் தகவல் எதற்கும் பயன்படாது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பல்லு எங்கயும் போகலம்மா. உள்ளதான் இருக்கு."

விழுந்த வேகத்தில் பல் ஈறுக்குள் ஏறிப் புதைந்துவிட்டது. சின்னக் குழந்தைகளின் தாடை எலும்பு இளசானது. அதனால் பல் உடைவதைவிட, இடம் பெயர்வதும் உள்ளே அமுங்குவதும்தான் அதிகம். பால் பல்லின் வேருக்குப் பின்னால், அண்ணத்துப் பக்கமாக, 7, 8 வயதில் வரப்போகும் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கும். பயமெல்லாம் அதற்குத்தான். எக்ஸ்ரேயில் என் மகளின் பல் பக்கத்துப் பல்லைவிடக் குட்டையாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தால் வேர் உதட்டுப் பக்கமாகப் போயிருக்கிறது, உள்ளே வளரும் பல்லை இடிக்கவில்லை என்று பொருளாம்.

"இப்ப என்ன பண்ணணும் டாக்டர்?"

"பிடுங்க வேணாம், இழுக்க வேணாம். அதுவே இறங்கி வரும். வீட்ல பாத்துக்கோங்க."

சிகிச்சையே அதுதான். பல் காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பால் பல் காயங்கள் பலவற்றில் கவனித்துக் காத்திருப்பதே பொருத்தமானது என்கிறது. உள்ளே அமுங்கிய பால் பல் பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானாக இறங்கும். சிலருக்கு ஓராண்டு ஆகலாம். மருத்துவர் பார்க்க வேண்டியது ஒரு வாரத்தில் ஒருமுறை, 6 முதல் 8 வாரத்துக்குள் ஒருமுறை, 6 மாதத்தில் ஒருமுறை, ஓராண்டில் ஒருமுறை, அப்புறம் நிரந்தரப் பல் முளைப்பதைக் கவனிக்க 6 வயதில் ஒருமுறை. ஆக ஐந்து நாட்கள். மிச்சமிருக்கும் நாட்களெல்லாம் வீட்டுக்கு உரியவை. 'வீடு' என்று பொதுவாகச் சொன்னாலும், சொன்னபோது மருத்துவரின் கண் இருந்தது என் மேல்தான். பக்கத்து நாற்காலியில் கணவரும் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். சாராயம் கலக்காத குளோர்ஹெக்சிடின் மருந்தைப் பஞ்சில் தொட்டு, நாளைக்கு இரண்டு முறை, ஒரு வாரத்துக்கு அடிபட்ட ஈறில் ஒற்ற வேண்டும். மற்ற பற்களை மெத்தென்ற பிரஷால் துலக்க வேண்டும். வலிக்கிறதே என்று துலக்காமல் விட்டால் அழுக்குச் சேர்ந்து புண் ஆறாது. வலிக்குக் குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில் பாரசிட்டமால் சிரப் போதும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. குழைந்த ரசம் சாதம், இட்லி, ஆறிய கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம் கொடுக்கலாம். முறுக்கு, சீடை, கடித்துத் தின்னும் பழம் எதுவும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். பால் புட்டி இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும்.

இதற்கிடையில் ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. கிராம்பு எண்ணெய் தடவு என்றார்கள். அது பச்சைப் புண்ணைச் சுட்டுவிடும். சின்னக் குழந்தை விழுங்கினால் ஆபத்து. மஞ்சள்தூளை அப்பு, கல் உப்பை வைத்துத் தேய் என்றார்கள். அவற்றையெல்லாம் மறுத்தேன். ஆனால் அரிசிக் கஞ்சியை ஆறவைத்து ஸ்பூனால் கன்னத்துப் பக்கமாகக் கொடு என்று என் அம்மா சொன்னது மருத்துவர் சொன்னதோடு அப்படியே பொருந்திப் போனது. அந்தப் பால் டம்ளரும் பாதி சரிதான். நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, லேசாக அலசி அதே குழியில் பொருத்திவிடலாம். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் ஓட வேண்டும். பால் பல் விழுந்தால் மட்டும் திரும்பப் பொருத்தவே கூடாது. உள்ளே இருக்கும் பல் கெட்டுவிடும்.

இவை கையால் செய்யும் வேலைகள், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கண்ணால் செய்யும் வேலை முடிவதில்லை. ஈறில் கொப்புளம் வருகிறதா, சீழ் கோக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா, முகம் வீங்குகிறதா, பக்கத்துப் பல் ஆடுகிறதா, நிறம் மாறுகிறதா என்று தினமும் உதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வகுப்பில் நின்றபடியும் அதை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த நினைப்பை எந்தக் கணக்கெடுப்பும் அளக்காது. அளக்க முடிந்ததை அரசு அளந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாரைக் கவனிக்கும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 137 நிமிடம். ஆண்கள் 75 நிமிடம். சமையல், துவைத்தல் போன்ற வீட்டு வேலை பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. கேட்டவுடன் ஆண்கள் கணக்கு அவ்வளவு மோசமில்லை என்று தோன்றலாம். ஆனால் இது அந்த வேலையைச் செய்கிறவர்களின் சராசரி. 15 முதல் 59 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 41 சதவீதம் பேர் கவனிக்கும் வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் அதைச் செய்கிறவர்கள் 21 சதவீதம்தான்.

அன்று இரவே போன் அழைப்புகள் தொடங்கிவிட்டன. திண்டிவனத்திலிருந்து அத்தை கேட்டார்: "நீ எங்கம்மா போயிருந்த?" கல்லூரிக்கு என்றேன். "அதான் கேக்குறேன்" என்றார். என் சித்தி, "முப்பத்தொம்பது வயசுல பெத்த ஒத்தப் புள்ள, கண்ணுல வச்சுப் பாத்துக்க வேணாமா?" என்றார். கீழ்வீட்டுப் பெண்மணி, "பொம்பளப் புள்ள, மூஞ்சில அடி பட்டுருச்சே" என்று உச்சுக் கொட்டினார். கணவருக்கும் போன்கள் வந்தன. "பாவம், வேலைல இருக்கிறப்ப இப்படி சேதி வந்தா எப்படி இருக்கும்" என்று அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். இருவரும் ஒரே நேரத்தில், ஒரே காரணத்துக்காக, வீட்டில் இல்லை. அவர் இல்லாதது செய்தியாகவே படவில்லை. நான் இல்லாதது விபத்துக்குக் காரணமாகிவிட்டது.

மருத்துவரின் மூன்று கேள்விகளையும் இந்த நாலாவது கேள்வியையும் நான் அடிக்கடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நாலாவதுக்கு என்ன பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்வோம். வீட்டில் இருந்து, சமையலறையில் நின்றிருந்தால், "பக்கத்துலயே இருந்துமா விழுந்தா?" என்று வரும். நடக்கவும் ஓடவும் பழகும் 2, 3 வயதில் குழந்தைகள் விழுவார்கள், முன்பல்லில் அடிபடுவார்கள் என்பது பல் மருத்துவத்தில் சாதாரணச் செய்தி. குடும்பங்களில் மட்டும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு குற்றவாளி வேண்டியிருக்கிறது.

நான் குற்றத்தை வாங்கிக்கொள்ள மறுத்ததும், அது எனக்குக் கீழே இன்னொரு பெண்ணைத் தேடிப் போனது. "அந்தம்மாவ நிறுத்திடு" என்றார்கள். கணவரும் இரண்டு நாள் அதே யோசனையில் இருந்தார்.

அந்த அக்கா காலை ஏழரையிலிருந்து மாலை ஐந்தரை வரை நாலு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். மகள் விழுந்த நேரத்தில் பத்து மாதக் கைக்குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். அன்று இரவு எங்கள் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்று, "டீச்சர், நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். இரண்டு கண்ணால் நாலு குழந்தைகளைப் பார்க்கும் ஒருவர் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. நான் வேலை பார்த்த எந்தக் கல்லூரியிலும் அப்படி ஓர் அறையைப் பார்த்ததில்லை. இல்லாத அந்த அறையின் வேலையைத்தான் சேலையூரிலும் செம்பாக்கத்திலும் முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் இந்த அக்காக்கள் தங்கள் முன்னறையில் பாய் விரித்துச் செய்கிறார்கள். அவர்களுக்கு விடுப்பு கிடையாது, காப்பீடு கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் தன் மகனுக்குப் பல் உடைந்தபோது, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தாம்பரத்திலிருந்து ரயிலில் கூட்டிப்போனதாக அவர் சொன்னார். அங்கே நன்றாகத்தான் பார்த்தார்களாம். போய்வந்த ஒவ்வொரு நாளும், அவரை நம்பியிருந்த தாய்மார்கள் எல்லோரும் விடுப்பு எடுக்க வேண்டியிருந்ததாம். தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவருக்கு இருந்த நேரம் அவ்வளவுதான்.

நிறுத்தவில்லை. மறுவாரம் திங்கட்கிழமை மகளை அங்கேதான் கொண்டுபோய் விட்டேன். நாங்கள் நாலு வீட்டாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாசற்படிக்குச் சொரசொரப்பான ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டோம். ஒரு சின்னக் கதவும் வைத்தோம். வழுக்கும் படிக்குத் தீர்வு அதுதான்.

இன்னொரு பேச்சையும் நிறுத்த வேண்டியிருந்தது. அடிபட்ட நாளிலிருந்து மகளைப் பார்ப்பவர்கள் எல்லோரும் "ஓடாத" என்றார்கள். எங்கள் மாடியில் அதே வயதுப் பையன் ஒருவன் நெற்றியில் தையலோடு ஓடிக்கொண்டிருக்கிறான். அவனை "வாலு" என்று சிரிப்பார்கள். முதுகலை வகுப்பில் பிள்ளைத்தமிழ் நடத்தும்போது மாணவிகளிடம் இதைச் சொன்னேன். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதல் ஏழு இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில் பாதை பிரியும். ஆண் குழந்தை சிற்றிலைச் சிதைக்கும், சிறுபறை கொட்டும், சிறுதேர் உருட்டும். பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். ஒரு மாணவி கேட்டாள்: "இதுல எந்தக் குழந்தையும் கீழ விழாதா மேம்?" யோசித்துப் பார்த்தால் பிள்ளைத்தமிழில் பல் முளைக்கும் பருவமும் கிடையாது, விழுகிற பருவமும் கிடையாது. பாடியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். தாயின் குரலில் கொஞ்சுவது அவர்களுக்கு வந்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையின் உதட்டைத் தூக்கிப் பார்க்கும் வேலை அவர்கள் கைக்கு வரவில்லை.

எங்கள் வீட்டில் அதைக் கைமாற்றுவது எளிதாக நடக்கவில்லை. கணவர் நல்லவர். "என்ன பண்ணணும்னு சொல்லு, பண்றேன்" என்பார். சொல்வதும் ஒரு வேலை என்று புரியவைக்கவே பல நாள் ஆயிற்று. மருந்தை ஒற்று என்று சொல்ல, மருந்து நேரத்தை நான் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒற்றினாரா என்று பிறகு பார்க்கவும் வேண்டும். கடைசியில் ஒரு நோட்டு வாங்கினோம். தேதி, ஈறு, வீக்கம், நிறம், பார்த்தவர் பெயர் என்று கட்டம் போட்டோம். ஒரு வாரம் முழுக்க அவர், அடுத்த வாரம் முழுக்க நான். அவருடைய வாரத்தில் நான் கேட்பதில்லை என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். அதைக் காப்பாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. இரண்டாவது பரிசோதனைக்கு அவரே விடுப்புப் போட்டு மகளைக் கூட்டிப்போனார். வரவேற்பில் இருந்த பெண் கேட்டாளாம்: "அம்மா வரலையா சார்?"

நோட்டில் எழுத முடியாத ஒன்றும் இருந்தது. ஆரம்பத்தில் இருவருமே மகளைப் படுக்கவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு உதட்டைத் தூக்கினோம். அவள் திமிறி அழுதாள். மூன்றாம் நாள் ஒரு சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, "அம்மா பாக்கட்டுமா?" என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "நானே பாத்துக்கிறேன்" என்றாள். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தன் விரலால் உதட்டைத் தூக்கினாள். நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவளைக் கேட்காமல் யாரும் அவள் வாயைத் திறக்கவில்லை. சில நாள் "வேணாம்" என்பாள். அரைமணி கழித்து மறுபடி கேட்போம். தன் உடம்பைத் தொட வருகிறவர்கள், அவர்கள் அம்மாவே ஆனாலும், கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்பதை ஒரு பெண் குழந்தை இந்த வயதில் இப்படிப் பழகிக்கொண்டால் நல்லதுதான்.

ஐப்பசியில், அடைமழை நாளொன்றில், கல்லூரியில் இருந்தபோது அக்காவிடமிருந்து போன். எடுக்கும்போது கை நடுங்கியது. "டீச்சர், பயப்படாதீங்க. பல்லு எட்டிப் பாக்குது" என்றார். ஈறின் ஓரத்தில் அரிசி முனை அளவுக்கு வெள்ளை தெரிந்திருக்கிறது. அது கணவருடைய வாரம். காலையில் அவர் பார்த்தபோது தெரியவில்லை, நானும் பார்க்கவில்லை. நோட்டில் அன்றைய கட்டத்தில், பார்த்தவர் பெயர் என்ற இடத்தில், மாலை அக்காவையே எழுதச் சொன்னேன். "நானா?" என்று கேட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுதினார்.

மாசிக்குள் பல் முக்கால்வாசி இறங்கிவிட்டது. இப்போது பக்கத்துப் பல்லோடு ஏறக்குறையச் சமமாக நிற்கிறது, கொஞ்சம் சாம்பல் நிறத்தில். சீழோ வலியோ இல்லாதவரை நிறத்துக்காக எதுவும் செய்ய வேண்டாம் என்கிறார் மருத்துவர். போட்டோவில் தெரியுமே என்கிறார் அத்தை. தெரியட்டும் என்றேன். வரப்போகும் நிரந்தரப் பல்லில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒரு தழும்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது முளைக்கும்போதுதான் தெரியும். அதுவரை நோட்டு ஓடும். அதில் மூன்று பேருடைய கையெழுத்து இருக்கிறது.

இதைப் படிக்கும் மாணவிகளில் பலருக்கு இன்னும் குழந்தை இருக்காது. பெற்றுக்கொள்ளாமலே இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அக்கம்பக்கத்தில் ஏதாவது குழந்தை கட்டாயம் விழும். எப்போது, எங்கே, எப்படி என்று கேளுங்கள். ஐஸும் சுத்தமான துணியும் எடுத்துக்கொடுங்கள். நாலாவது கேள்வி அந்த அம்மாவுக்கு எப்படியும் வேறு யாரிடமிருந்தாவது வந்துவிடும். உங்களிடமிருந்து வர வேண்டாம்.